இவருக்குப் பதில் இவர்

வேலையிலிருந்து நான் விடைபெற்ற அன்று, செட்டில் கேக் வெட்டி முடித்ததும் உதவி இயக்குநர் பெண் ஒருத்தி என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "பிரேமாக்கா, ஒண்ணு கேக்கணும். ஒரு கேரக்டர் இன்னிக்கு ஒண்ணு பேசுது, நாளைக்கு அதுக்கு நேர்மாறா பேசுது. ரெண்டையும் நீங்கதான் எடுத்துக் கொடுக்கறீங்க. கூச்சமா இருக்காதா?" என்றாள்.

அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். செங்கல்பட்டுக்கு வண்டி வந்து சேரும்வரை மாணிக்கவேலைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் தொலைக்காட்சித் தொடரில் வந்த ஒரு பாத்திரம். ரத்தமும் சதையுமான ஆள் இல்லை. ஆனாலும் அவன் பேசிய ஒவ்வொரு சொல்லும் முதலில் என் வாயிலிருந்துதான் போயிற்று.

நான் செய்த வேலையை ப்ராம்ப்டிங் என்பார்கள். தினசரித் தொடரில் வசனத்தை மனப்பாடம் செய்ய நடிகர்களுக்கு நேரம் கிடையாது. காலையில்தான் காகிதமே வரும். கேமராவுக்கு ஒட்டினாற்போல, லென்ஸுக்குச் சற்றுக் கீழே நான் நின்றுகொள்வேன். ஒரு மூச்சில் சொல்லக்கூடிய அளவுக்கு வசனத்தை உடைத்து உடைத்துக் கொடுப்பேன். நான் சொல்லி முடித்து ஒரு சிறு இடைவெளி. பிறகு நடிகர் சொல்வார். அந்த இடைவெளி இருந்தால்தான் எடிட்டிங்கில் என் குரலை வெட்டி எடுக்க முடியும். இத்தனை வருடம் பேசியும் என் குரல் ஒரு எபிசோடில்கூடக் கேட்காது. கேட்டால் நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள். இப்போது நடிகர்களின் காதுக்குள் சின்னதாக ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். கொடுக்கிறவர் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது தற்செயல். செங்கல்பட்டில் ஒரு நாடகக் குழுவுக்கு வசனம் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்க வேண்டிய ஆள் வரவில்லை. நான் நின்றேன். பிறகு தொலைக்காட்சி வந்தது, தொடர்கள் வந்தன. நாடகக்காரர்கள் போன இடத்துக்கு நானும் போனேன். அவ்வளவுதான் என் படிப்பு.

தொழிலைக் கற்றுக்கொண்டது ராமநாதன் சாரிடம். நான் பெரும்பாலும் வேலை பார்த்தது அவர் இயக்கிய தொடர்களில். சத்தம் போடவே மாட்டார். இயக்குநருக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார மாட்டார், லைட் தூக்குகிறவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஷாட் பிடித்திருந்தால் "ஓகே" என்பார். பிடிக்காவிட்டால் "நல்லா இருக்கு, இன்னொண்ணு" என்பார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் செட்டில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும்.

முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "பிரேமா, நீ அழுதுகிட்டே கொடுக்கறே. அப்படிக் கொடுத்தா அவங்க உன் அழுகையத்தான் அழுவாங்க. பச்சைத் தண்ணி மாதிரி கொடு. உப்பு போட வேண்டியவங்க போட்டுக்குவாங்க" என்றார். அன்றிலிருந்து சாவுச் செய்தியானாலும் சந்தைக்குப் போகிற செய்தியானாலும் என் குரல் ஒன்றுதான்.

அது எவ்வளவு கடினம் என்பது வயதான ஒரு நடிகைக்குக் கொடுத்தபோது தெரிந்தது. அவருக்கு மறதி முற்றியிருந்தது. மகள் இறந்த காட்சி. ஒவ்வொரு சொல்லாகத்தான் கொடுக்க முடிந்தது. "என்", "பொண்ணு", "எங்க" என்று பட்டியல் வாசிப்பது போல நான் சொல்ல, ஒவ்வொன்றையும் வாங்கி அவர் அழுதார். ஷாட் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அழாம இருந்ததாலதான் நான் அழுதேன்டி" என்றார். அதன் பிறகு எனக்கு அந்த வேலையில் சந்தேகம் வந்ததில்லை, மாணிக்கவேல் வரும் வரை.

மாணிக்கவேல் திருப்போரூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. படித்து, சிறுசேரியில் பெரிய கம்பெனியில் வேலைக்குப் போகிறான். இதுதான் கதை. எந்தச் சாதி என்று தொடர் ஒருநாளும் சொல்லவில்லை. 'கஷ்டப்பட்ட குடும்பம்' என்ற ஒரு சொல்லை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டினோம். பார்க்கிறவர்களுக்குப் புரிந்தது, எங்களுக்கும் புரிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தான். ஆபீஸ் கேன்டீனில் ஒருவன் அவன் அம்மாவின் காய்த்துப் போன கையைக் கேலி செய்வான். மாணிக்கவேல் எழுந்து நின்று, அந்தக் கையில்தான் நான் சோறு தின்று வளர்ந்தேன் என்று பேசுவான். அந்த வாரம் சேனலில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்து எழுத்தாளர் மாறினார். மாணிக்கவேல் அடையாள அட்டையில் பெயரை 'வேல்' என்று சுருக்கிக்கொண்டான். கம்பெனி வாசலில் அவனைத் தேடி வந்த அம்மாவை, ஊரில் கீரை விற்கிற யாரோ ஒரு பொம்பளை என்று நண்பர்களிடம் சொன்னான். அதற்குக் காரணம் காட்டவில்லை, அது ஒரு திருப்பமாம். அடுத்த எழுத்தாளர் வந்தார். இன்னொரு பையன் தன் ஊரை மறைத்ததற்காக மாணிக்கவேல் அவன் சட்டையைப் பிடித்து, "பொறந்த மண்ணை மறைக்கிறவன் மனுஷனா?" என்று கேட்டான். வாசலில் அம்மாவை யாரோ என்று சொன்ன அதே ஆள். அந்த வசனத்தையும் நான்தான் பச்சைத் தண்ணி மாதிரி கொடுத்தேன்.

மாணிக்கவேலாக நடித்த பையன் பெயர் டேனியல். திரையில் தருண். சென்னை அடையாறு பக்கம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். பேச்சும் அப்படித்தான் இருக்கும், பசி வரும்வரை. பசித்தால், "நாஸ்தா வந்துச்சா? இன்னா லேட்டு?" என்று வேறொரு வாய் பேசும். நான் கேட்டும் கேளாதது போல இருந்துவிடுவேன். ஒருநாள் கம்பெனி வேனில் திருப்போரூர் தாண்டிப் போகும்போது, வயல் பக்கமாகப் பிரியும் ஒரு ரோட்டைக் காட்டி, "அக்கா, இங்க எறங்கி உள்ள போனா எங்க வூடு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

அவனுக்கு மாணிக்கவேல் மேல் தீராத எரிச்சல். "இவன் யாருக்கா? நேத்து ஒரு ஆளு, இன்னிக்கு ஒரு ஆளு. காலைல காகிதத்தைப் பாத்தாத்தான் நான் யாருன்னே தெரியுது" என்பான்.

மாமல்லபுரத்துக்கு முன்னால் கடலை ஒட்டி ஒரு பங்களாவை மாணிக்கவேலுக்குப் பார்க்கும் பெண்ணின் வீடாக எடுத்திருந்தோம். பின்புறம் சவுக்குத் தோப்பு. அன்று பெண் பார்க்கும் காட்சி. காலையில் வாசலில் காவலாளி ஓர் அம்மாவை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. பங்களாவைக் கூட்டிப் பெருக்குகிற பெண் அவர்கள் தெருக்காரியாம், அவள் சொல்லித்தான் பஸ் பிடித்து வந்திருக்கிறார். டேனியல் ஓடிப் போய் மேனேஜரிடம், "தெரிஞ்சவங்கதான் சார், ஷூட்டிங் பாக்க வந்திருக்காங்க" என்று சொல்லி உள்ளே அழைத்து வந்தான். என் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "எங்க அம்மாக்கா" என்றான். அவர் பெயர் எஸ்தர். அவருக்கு மானிட்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டேன். "தோ, இங்கியே நிக்கிறம்மா" என்று நின்றபடியே பார்த்தார்.

அன்றைய காகிதத்தில் இருந்தது இதுதான். பெண்ணின் அப்பா, "அப்பா அம்மா எங்க இருக்காங்க தம்பி?" என்று கேட்பார். மாணிக்கவேல், "அப்பா நான் சின்ன வயசா இருக்கும்போதே போயிட்டார். அம்மாவும் இல்லைங்க. நான் தனி ஆளுதான்" என்று சொல்ல வேண்டும். பெண்ணின் அப்பாவாக நடித்தவர் கோபால் அண்ணன், நாடகத்தில் பழுத்த நடிகர்.

கேமரா ஓடியது. அண்ணன் கேட்டார். நான் கொடுத்தேன்: "அப்பா நான் சின்ன வயசா இருக்கும்போதே போயிட்டார்." டேனியல் சொன்னான். அவனுடைய நிஜ அப்பாவும் உயிரோடு இல்லை. நான் அடுத்ததைக் கொடுத்தேன்: "அம்மாவும் இல்லைங்க." அவன் வாங்கவில்லை. மறுபடி கொடுத்தேன். அவன் எழுந்துவிட்டான்.

ராமநாதன் சார் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். "என்னப்பா?"

"சார், போன வாரம் இவன் ஒருத்தன் சட்டையப் புடிச்சு என்ன கேட்டான்? இன்னிக்கு இவனே இப்படிச் சொல்றான். எப்படி சார்?"

"மனுஷன் ஒரே மாதிரியா இருக்கான்? நீ இருக்கியா?"

"மாறட்டும் சார். மாறினது அவனுக்குத் தெரியணும் இல்ல? இவனுக்கு நேத்து பேசினது ஞாபகமே இல்ல. பொய் சொல்றவனுக்கு உள்ள ஒரு நடுக்கம் இருக்கும். இவனுக்கு அதுகூட யாரும் எழுதித் தரல."

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு, "எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

சவுக்குத் தோப்பில் எஸ்தரம்மாவுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது டேனியல் வந்தான். முகம் சரியில்லை.

"இன்னாடா தகராறு?" என்றார் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா. டயலாக் சரியில்ல."

"கேட்டுகினுதான் இருந்தேன். அம்மா இல்லன்னு சொல்லணும், அவ்ளோதான? சொல்லிட்டுப் போயேன். நான் உசுரோடதான கீறேன். வேலய பாரு."

"உன்ன வெச்சிகினு எப்படிம்மா சொல்றது?"

அம்மா டீயை ஒரு வாய் குடித்தார். "படூர் வூட்ல சொல்லிகினுதான கீறே. டிராமாவுல சொன்னா இன்னா?"

படூரில் ஒரு அடுக்கு வீட்டில் டேனியல் வாடகைக்கு இருந்தான். வீட்டுக்காரர்கள் கீழ் வீட்டில் குடியிருந்தார்கள்.

"ஒரு நா வந்தேன்டா, உன்ன பாத்து ரொம்ப நாளாச்சேன்னு. நீ இல்ல. கீழ் வூட்டம்மா யாருன்னு கேட்டுச்சு. தருண் சாரப் பாக்க வந்தேன்னேன். அவருக்கு அம்மா அப்பா யாரும் இல்லியே, நீங்க யாரு, சொந்தமான்னு கேட்டுச்சு." எஸ்தரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார், மகனைப் பார்க்கவில்லை. "ஊருக்காரிங்க, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்ட்டு பஸ் ஏறிட்டேன். இன்னா பண்றது? வூடு போச்சுன்னா புள்ள எங்க போவும்?"

அவர் குரலில் குறையே இல்லை. கடையில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். டேனியல் தோப்பின் ஓரம் வரை போய், கடலைப் பார்க்க நின்றான். பிறகு திரும்பி நேராக ஹாலுக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, "ரெடி சார்" என்றான்.

மறுபடி கேமரா ஓடியது. எஸ்தரம்மா மானிட்டருக்குப் பின்னால் பழைய இடத்திலேயே நின்றார். கோபால் அண்ணன் கேட்டார். நான் கொடுத்தேன், அவன் சொன்னான். "அம்மாவும் இல்லைங்க" என்று கொடுத்தேன். அதையும் சொன்னான். தெளிவாகச் சொன்னான். அடுத்து நான் கொடுக்க வேண்டியது "நான் தனி ஆளுதான்."

ஒரு மூச்சு நேரத்துக்கு மேல் நடிகரை வெறுமையில் நிறுத்தக் கூடாது என்பது என் தொழிலின் முதல் விதி. அவன் முகத்தைப் பார்த்தேன். உதடு நடுங்கியது. சார் பக்கம் பார்த்தேன், அவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வசனம் என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

பிறகு டேனியல் தானாகப் பேசினான்.

"இருக்காங்க. எங்க அம்மா இருக்காங்க சார். ஒரு தடவ என்னைத் தேடி வந்தாங்க. நான் அம்மா இல்லைன்னு சொல்லி வெச்சிருந்தேன். அவங்க என்னைக் காட்டிக் குடுக்கல. ஊருக்காரின்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

அவன் அழவில்லை. அவனுக்குப் பதில் சொல்லக் காகிதத்தில் ஒன்றும் இல்லாத கோபால் அண்ணன், மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை மெதுவாக அவன் பக்கம் நகர்த்தி, "குடிங்க தம்பி" என்றார். அதற்குப் பிறகும் சார் வெகுநேரம் கட் சொல்லவில்லை. சொன்னபோது "இன்னொண்ணு" என்றும் சொல்லவில்லை. "ஓகே" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தபோது எஸ்தரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

சார் அந்தக் காட்சியை முழுதாகவே சேனலுக்கு அனுப்பினார். தொலைபேசியில் அவர் யாரிடமோ, "அவன் முதல் தடவையா ஒரு மனுஷனா ஆயிருக்கான் சார், விட்டுடுங்க" என்று கேட்டுக்கொண்டது என் காதில் விழுந்தது. விடவில்லை. கல்யாணம் வரை ரகசியம் இருக்க வேண்டும் என்று கதை முடிவாகியிருந்தது. "அம்மாவும் இல்லைங்க" என்ற இடத்தில் வெட்டிவிட்டு, மேளச் சத்தத்தைப் போட்டு, தொடரும் என்று காட்டினார்கள். அடுத்த மாதம் இன்னொரு எழுத்தாளர். மாணிக்கவேல் கல்யாண மேடையில் அம்மாவின் பெருமையை நீளமாகப் பேச வேண்டியிருந்தது. முன்பு இல்லை என்றது பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. டேனியல் அந்தக் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, சாரிடம் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டு போய்விட்டான். சார் தடுக்கவில்லை.

சில நாளில், நடிகர் மாறும்போது காட்டுகிற அந்த அட்டை திரையில் வந்தது: இவருக்குப் பதில் இனி இவர். புதுப் பையன் நல்ல பையன். கல்யாண மேடைப் பேச்சை ஒரே டேக்கில் முடித்தான். நான் கொடுத்தேன்.

இதற்கெல்லாம் முன்பு, வெட்டுப்பட்ட காட்சி ஒளிபரப்பான மறுநாள் எனக்கு மனசு கேட்கவில்லை. எஸ்தரம்மாவைப் பார்க்கப் போனேன். தெருவில் எல்லோரும் பார்த்திருப்பார்கள், அவரைக் கேட்டிருப்பார்கள். அப்படித்தான் நடந்திருந்தது. "நம்ம டேனி இன்னா, அம்மா இல்லன்ட்டான்" என்று ஆளாளுக்குச் சிரித்தார்களாம்.

"மிச்சத்த வெட்டிட்டாங்கம்மா" என்றேன்.

"வெட்டட்டும்மா. நான் அங்கதான நின்னுகினு இருந்தேன். என் காதுல வுழுந்திச்சி. போதும்."

தொடரிலிருந்து வெளியே வந்த கையோடு டேனியல் அம்மாவைப் படூருக்கு அழைத்துப் போனான். கீழ் வீட்டம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "நீங்க ஊருக்காரின்னுதான சொன்னீங்க?" என்று கேட்டிருக்கிறார். "எங்க அம்மா" என்று டேனியல் சொல்லியிருக்கிறான். யாரும் முகம் சுளிக்கவில்லை. கொஞ்ச நாளில், வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான், வீடு வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அப்படி யாரும் வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

அவன் இப்போது டப்பிங் பேசுகிறான். சின்ன வேடங்களிலும் வருகிறான், டேனியல் என்றே பெயர் போடுகிறார்கள். படூர் வீட்டைக் காலி செய்யச் சொன்ன வாரங்களில் வேறு வீடு தேட நானும் கூடப் போனேன். வெளியாள் ஒருத்தி கூட இருந்தால் பேசுவது சுலபம் என்று நானாகத்தான் சொன்னேன். எங்கள் குடும்பம் நிலம் வைத்திருந்த குடும்பம். வாடகை வீடு கேட்டுப் போன இடங்களில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எனக்குச் சாவி கிடைத்திருக்கிறது. இரண்டாவது கேள்வி என்று ஒன்று இருப்பது அவர்களோடு போனபோதுதான் தெரிந்தது.

கேளம்பாக்கத்தில் ஒரு வீடு. அந்த அம்மா அறைகளையெல்லாம் காட்டினார், அலமாரியைத் திறந்து காட்டினார், டேனியலை டிவியில் பார்த்திருப்பதாகச் சொல்லி மகிழ்ந்தார். பிறகு கேட்டார்: "சொந்த ஊரு?"

டேனியல் சொன்னான்.

"ஊர்ல எந்தப் பக்கம்?"

"காலனிங்க. சர்ச் தெரு."

அந்த அம்மா அலமாரியை மூடினார். "வூட்டுக்காரர் வரட்டும், கேட்டுட்டு போன் பண்றேன்" என்றார்.

ரோட்டுக்கு வந்ததும் எஸ்தரம்மா மகனைக் கடிந்துகொண்டார். "தருணுன்னு சொல்லியிருந்தா சாவி குடுத்திருக்கும்டா. நான் வேணா ரெண்டு நா கழிச்சி வந்திருப்பேன், சமையலுக்கு வந்த ஆளுன்னு சொல்லிகினு."

"நீ அப்படி வர வேணாம்மா."

"எத்தினி வூட்ல போயி இப்பிடியே சொல்லுவே?"

"கெடைக்கிற வரிக்கும்."

ஒரு வீட்டிலிருந்தும் போன் வரவில்லை. பல வீடு பார்த்தோம். கடைசியில் திருப்போரூரில், கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் ரிட்டயரான பஸ் கண்டக்டர், லுங்கியோடு படியில் உட்கார்ந்திருந்தார். டேனியல் அவர் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தான்: "சார், என் பேரு டேனியல். இவங்க எங்க அம்மா. எங்களுக்கு ஊர்ல..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்பா. மோட்டாரு காலைல ஒரு வாட்டிதான் போடுவேன். அப்பவே தண்ணி புடிச்சி வெச்சிக்கணும். அப்பால வந்து தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு என்னிய பேஜார் பண்ணக் கூடாது. முடியுமா?"

டேனியல் அம்மாவைப் பார்த்தான். எஸ்தரம்மா, ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு வந்த துணிப்பையை அந்தப் படியில் இறக்கி வைத்தார்.